சர்வர் அறையின் சாவி நம் கையில் இருக்கட்டும்

அடுத்த சர்வருக்கான கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்து ஆலை முதலாளிகள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இப்போது இருக்கிற மெஷின்கள் எவ்வளவு வேலை செய்கின்றன? விற்க வந்தவரிடம் கேட்க வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் பையனையோ பெண்ணையோ ஒரு வாரம் அளந்து பார்த்து ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு பெரும்பாலான இடங்களில் கொட்டேஷன் மாறிவிடுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் அவிநாசி சாலையில் ஒரு நூற்பாலையின் ஈ.டி.பி. டிபார்ட்மென்டில், அதாவது கம்ப்யூட்டர் பிரிவில், வேலைக்குச் சேர்ந்தவள் நான். ஃபாக்ஸ்புரோவில் சம்பளப் பட்டியல் போட்ட காலம் அது. இன்று தனியாக இருந்து சில நூற்பாலைகள், ஃபவுண்டரிகள், பம்ப் கம்பெனிகள், பனியன் ஏற்றுமதியாளர்கள் ஆகியோரின் சர்வர் அறைகளைப் பார்த்துக்கொள்கிறேன். தொழில் வேறானாலும் அந்த அறைகள் ஒன்று போலவே இருக்கின்றன. மாடிப்படிக்குக் கீழோ, அக்கவுண்ட்ஸ் பிரிவை ஒட்டிய தடுப்புக்குள்ளோ ஒரு ஏசியும் ஒரு யூ.பி.எஸ்.ஸும் ஏழெட்டு மெஷின்களும் இருக்கும். போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஒவ்வொரு மெஷினின் நெற்றியிலும் காய்ந்திருக்கும். அதற்குக் கீழே ஒட்டிய காகிதத்தில் டேலி, ஈ.ஆர்.பி., பே ரோல், மெயில், ஃபைல் சர்வர், கேமரா என்று எழுதியிருக்கும்.

ஒரு வேலைக்கு ஒரு மெஷின் என்பது சாஃப்ட்வேர் விற்றவர்கள் போட்ட விதி. தங்கள் புரோகிராம் இருக்கும் மெஷினில் வேறு எதையும் போட்டால் சப்போர்ட் தர மாட்டோம் என்பார்கள். அதில் நியாயமும் இருந்தது. ஒரே விண்டோஸில் இரண்டு புரோகிராம்கள் ஒன்றின் காலை ஒன்று மிதித்து இரண்டும் விழுந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் புதுத் தேவை வரும்போதெல்லாம் புது மெஷின் வாங்கினார்கள். மாதம் ஒருநாள் சம்பளம் போடும் மெஷின் மற்ற நாட்களில் ஃபேனைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். அளந்து பார்த்தால் பிராசஸர் பத்து சதவீதம்கூட வேலை செய்யாத மெஷின்கள்தான் அதிகம்.

சும்மா நிற்பதற்கும் செலவு உண்டு. வேலை இல்லாத சர்வர்கூட முழு வேலையில் இழுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியை இழுக்கிறது என்று கூகுள் பொறியாளர்கள் லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேயும் 2007-ல் எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்த சிப்புகள் ஓரளவு திருந்தியிருக்கின்றன. நம் அறைகளில் இருப்பவையோ பழையவை. மெஷினுக்கு 200 வாட் என்று வைத்துக்கொண்டால் எட்டு மெஷின்களுக்கு ஆண்டுக்கு 14,000 யூனிட். அவ்வளவு வேலையையும் இரண்டு நல்ல மெஷின்களில் ஏற்றி, ஒவ்வொன்றும் 350 வாட் இழுத்தால் 6,100 யூனிட்டில் முடிந்துவிடும். வெப்பம் குறைவதால் ஏசியிலும் இரண்டாயிரம் யூனிட்டுக்கு மேல் மிச்சம். யூனிட் எட்டு ரூபாய் என்று போட்டால் மொத்தத்தில் ஆண்டுக்கு எண்பதாயிரம் ரூபாய். 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளை இங்கே தொழில் நடத்திய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சுமை பாதியாகக் குறைந்தால் அதே யூ.பி.எஸ். பேட்டரி இரண்டு மடங்கு நேரத்துக்கு மேல் தாங்கும். ஜெனரேட்டர் எடுக்கத் தாமதமாகும் இரவு ஷிப்டில் அந்தக் கூடுதல் நேரத்துக்கு நிரம்ப மதிப்பு உண்டு. நூற்பாலைக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. ஹீட்சிங்கில் அடைகிற பஞ்சை எட்டுப் பெட்டிகளில் ஊதி எடுக்க வேண்டிய இடத்தில் இரண்டில் எடுத்தால் போதும்.

எட்டை இரண்டாக்கும் வழிக்கு விர்ச்சுவலைசேஷன் என்று பெயர். ஒரு மெஷினின் மேல் ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருளை முதலில் போடுகிறோம். அது அந்த ஒரு மெஷினுக்குள் பல மெஷின்களை உண்டாக்குகிறது. எங்கள் ஊர் லைன் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே காம்பவுண்ட், ஒரே போர்வெல், ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கதவு, தனி மீட்டர். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ தான் ஒரு முழு மெஷினில் இருப்பதாகத்தான் தெரியும். ஒன்று விழுந்தாலும் பக்கத்தில் இருப்பது விழாது. தனி மெஷின் வேண்டும் என்று கேட்ட சாஃப்ட்வேர்காரருக்கும் ஆட்சேபம் இல்லை. இப்படி உருவாகும் மெஷினை நாங்கள் வி.எம். என்று சொல்வோம்.

இந்த யோசனைக்கு ஏறத்தாழ அறுபது வயது. ஐ.பி.எம். நிறுவனம் அறுபதுகளில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த தன் ஆய்வு மையத்தில் இதைச் செய்துபார்த்தது. 1972-ல் வி.எம்./370 என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கே கொடுத்தது. ஒரு கம்ப்யூட்டர் ஒரு கட்டடத்தின் விலை விற்றபோது அதைப் பங்கு போட்டுத்தானே ஆக வேண்டும்? பிறகு சின்னக் கம்ப்யூட்டர்கள் மலிந்ததும் இந்த வித்தை ஓரங்கட்டப்பட்டது. இன்டெல் வகைச் சிப்புகள் இதற்கு இடம் கொடுக்கும்படி வடிவமைக்கப்படவும் இல்லை. 1998-ல் டயான் கிரீன், மெண்டல் ரோசன்ப்ளம் உள்ளிட்ட ஐந்து பேர் தொடங்கிய வி.எம்.வேர், அந்தத் தடையை மென்பொருளாலேயே தாண்டியது. 2005, 2006-ல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் சிப்புக்குள்ளேயே அந்த வசதியைக் கொடுத்துவிட்டன. 2007 தொடக்கத்தில் கே.வி.எம். என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்தது. அது யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுச் சொத்து. இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வருவேன்.

மின்சாரமும் இடமும் மிச்சமாகிறது என்பதற்காக மட்டும் ஒருவர் தன் சர்வர் அறையைக் கலைத்துப் போட வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வி.எம். ஆன பிறகு உங்கள் வேலை இரும்பிலிருந்து பிரிந்துவிடுகிறது. முழு மெஷினும் சில ஃபைல்களாக ஆகிவிடுகிறது. ஃபைலைக் காப்பி எடுக்கலாம், வேறு ஊரில் வைக்கலாம், வேறு கம்பெனி தயாரித்த வேறு மெஷினில் திறக்கலாம்.

அரசூர் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் விண்டோஸ் சர்வர் 2003 போட்ட மெஷின் ஒன்று இருந்தது. ஸ்பெக்ட்ரோமீட்டரில் சோதித்த ஒவ்வொரு ஹீட்டின், அதாவது ஒவ்வொரு உருக்கின், ரசாயன அளவுகளும் அதில்தான் பதிவாகியிருந்தன. வாகன உதிரிபாகம் வாங்கும் கம்பெனிகள் பல ஆண்டுகளுக்கு முன் அனுப்பிய வார்ப்பின் விவரத்தைக்கூடத் திடீரென்று கேட்பார்கள். கொடுக்க முடியாவிட்டால் அந்த ஆர்டர் மட்டுமல்ல, அந்த வாடிக்கையாளரே போய்விடுவார். அந்த விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் 2015 ஜூலையோடு சப்போர்ட்டை நிறுத்தியாயிற்று. புரோகிராம் எழுதிய கம்பெனி கடையைக் கட்டியாயிற்று. போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பிக்கொண்டிருந்தன. அதே போர்டுக்காகச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆள் வைத்துத் தேடியிருக்கிறார்கள். பெரியவரிடம் நான் போய்ப் பேசியபோது, “நல்லாத்தானுங்க ஓடிட்டு இருக்குது மேடம், எதுக்குங்க அதைத் தொடோணும்?” என்றார். ஓடுகிற மெஷினைத் தொடக் கூடாது என்பது ஆலைத் தொழிலில் ஊறிய பயம். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். போர்டு உப்பியிருப்பதை டார்ச் அடித்துக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்.

ஆயுத பூஜை விடுமுறையில் அந்த வேலையைச் செய்தோம். டிஸ்கை அப்படியே பிம்பமாக எடுத்துப் புது மெஷினில் வி.எம். ஆகத் திறந்தால் முதலில் நீலத் திரைதான் வரும். பழைய விண்டோஸ் தனக்குத் தெரிந்த டிஸ்க் கன்ட்ரோலரைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. அதற்குப் பழகிய பழைய வகை கன்ட்ரோலரை வி.எம்.முக்குள் காட்டியதும் எழுந்துகொண்டது. அடுத்தது ஸ்பெக்ட்ரோமீட்டரிலிருந்து வரும் சீரியல் கேபிள். வி.எம்.முக்குப் பின்பக்கம் கிடையாதே, எங்கே செருகுவது? சீரியலை நெட்வொர்க்காக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றை லேப் சுவரில் மாட்டினோம். பிறகு கடிகாரம். பழைய விண்டோஸ்கள் வி.எம்.முக்குள் நேரத்தைத் தவறவிடும். சோதனைப் பதிவில் நேரம் தவறினால் எந்த ஹீட் எது என்றே குழம்பிவிடும். அதனால் நேரத்தைக் கீழே இருக்கும் ஹைப்பர்வைசரிடமிருந்து வாங்கும்படி வைத்தோம். பஞ்சிங் மெஷின் இருக்கும் ஆலைகளில் இதற்கு இன்னும் அதிகக் கவனம் வேண்டும். பஞ்சிங்கில் ஐந்து நிமிடம் பிசகினால் தொழிலாளியின் கூலியில் கைவைத்ததாகிவிடும்.

கடைசியாக, அந்தப் பழைய விண்டோஸை இன்டர்நெட்டிலிருந்து முற்றிலும் துண்டித்து, லேப்பும் தரக் கட்டுப்பாட்டு அறையும் மட்டும் தொடும்படி தனி நெட்வொர்க்கில் அடைத்தோம். இது மிகவும் முக்கியம். வி.எம். ஆக்கிவிட்டதால் பழைய விண்டோஸ் புதிதாகிவிடுவதில்லை, அதன் ஓட்டைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அதைச் சுற்றிச் சுவர் கட்டுவது மட்டும் சுலபமாகியிருக்கிறது. அதன் பிறகு அந்த ஃபவுண்டரி அடியில் இருக்கும் மெஷினை மாற்றியும்விட்டது. லேப்பில் வேலை செய்கிறவர்களுக்கு மாற்றியதே தெரியவில்லை.

மூன்று ஷிப்ட் ஓடும் நூற்பாலை தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் மூச்சு விடும். சர்வரில் ஒரு ஃபேன் மாற்றவோ ரேம் கூட்டவோ நாங்கள் தீபாவளிக்காகக் காத்திருந்த ஆண்டுகள் உண்டு. பண்டிகையன்று வீட்டில் இல்லாத அம்மாக்களும் அப்பாக்களும் இந்தத் தொழிலில் நிறையப் பேர். ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்.மை நிறுத்தாமலே ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் வசதியை 2003-ல் வி.எம்.வேர் கொண்டுவந்தது. இன்று இலவச ஹைப்பர்வைசர்களிலும் அது இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் இரண்டாவது மெஷினுக்குத் தள்ளிவிட்டு, முதல் மெஷினைத் திறந்து ஃபேனை மாற்றி மூடுகிறோம். இந்த ஒரு வசதிக்காகவே நான் இதைப் பரிந்துரைப்பேன்.

இரண்டாவது மெஷின் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எட்டையும் ஒரே பெரிய பெட்டியில் போடுங்கள், விலை குறையும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு வாங்கிய ஒரு ஆலையில் ஒருநாள் காலை டிஸ்க் கன்ட்ரோலர் போய்விட்டது. முன்பு ஒரு மெஷின் போனால் ஒரு வேலைதான் நிற்கும். அன்று பில் போட முடியவில்லை, ஈ-வே பில் எடுக்க முடியவில்லை, எடைமேடைக் கம்ப்யூட்டருக்குப் பதில் வரவில்லை. பஞ்சு லாரிகள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை நின்றன. மாற்றுக் கார்டு பெங்களூரிலிருந்து வந்து சேர மறுநாள் ஆயிற்று. ஆகவே இரண்டு மெஷின்கள், ஒவ்வொன்றும் தனியாகவே எல்லாச் சுமையையும் தாங்கும் அளவில். ஒன்றில் நடக்கும் மாற்றம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மற்றதற்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவதாகச் சிறிய மெஷின் ஒன்றும் தேவை. இரண்டுக்கும் நடுவே கேபிள் அறுந்தால் ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டது என்று நினைத்து ஒரே வேலையை இரண்டு இடத்தில் தொடங்கிவிடும். எது உயிரோடு இருக்கிறது என்று ஓட்டுப் போட மூன்றாமவர் வேண்டும். அந்த மூன்றாவது மெஷினையே பேக்கப் வாங்கி வைக்கவும் பயன்படுத்திக்கொள்ளலாம். அதை அதே அறையில் வைக்காதீர்கள் என்பது என் கெஞ்சல்.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அந்நாட்டு அரசின் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. 709 அரசுக் கணினி அமைப்புகள் முடங்கின. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகத்தில் 850 டெராபைட்டுக்கு மேல் எரிந்துபோயிற்று. அதற்கு வெளியே வேறு பேக்கப் இல்லை. தொழில்நுட்பத்தில் அந்த நாட்டின் இடம் எது என்று நமக்குத் தெரியும். அங்கேயே நடக்கும் என்றால், படிக்கட்டுக்குக் கீழ் யூ.பி.எஸ். பேட்டரியின் பக்கத்திலேயே பேக்கப் டிஸ்கை வைத்திருக்கும் நாம் எந்த நம்பிக்கையில் தூங்குகிறோம்? 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு ஈக்காட்டுத்தாங்கலுக்குள் புகுந்தபோது, தரைத்தளத்தில் சர்வர் வைத்திருந்தவர்கள் சேற்றிலிருந்து டிஸ்குகளைக் கழுவி எடுத்ததை நான் நேரில் பார்த்தேன். முழு மெஷினும் ஒரு ஃபைலாக இருந்து, அதன் நேற்றைய காப்பி வேறு ஊரில் இருந்திருந்தால் அந்த நிறுவனங்கள் தண்ணீர் வடியும் முன்பே பில் போடத் தொடங்கியிருக்கும்.

சட்டமும் இதே திசையில்தான் தள்ளுகிறது. மின்னணுவில் கணக்குப் புத்தகம் வைக்கும் கம்பெனிகள் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் பேக்கப் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டது. எட்டு மெஷின்களில் எட்டு விதமாகச் சிதறிக் கிடக்கும் அறையில் இவற்றை ஒழுங்காகச் செய்வது ஒரு ஆளால் ஆகிற காரியமில்லை.

எல்லாமும் ஓரிடத்தில் சேர்வதால் திருடனுக்கும் வேலை சுலபமாகிறது. 2023 பிப்ரவரியில் வி.எம்.வேரின் இ.எஸ்.எக்ஸ்.ஐ. என்ற ஹைப்பர்வைசர் போட்ட ஆயிரக்கணக்கான சர்வர்களுக்குள் உலகம் முழுவதும் ஒரு கும்பல் புகுந்து, உள்ளே இருந்த வி.எம்.களை மொத்தமாகப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அவர்கள் நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கான திருத்தம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வெளியாகியிருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். ஹைப்பர்வைசரின் நிர்வாகப் பக்கம் இன்டர்நெட்டில் தெரியவே கூடாது. அதன் பாஸ்வேர்ட் அலுவலகத்தில் வேறு எதற்கும் பயன்படக் கூடாது. இன்னொன்று, வி.எம்.மின் ஒரு கணத்து நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று நினைத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஸ்னாப்ஷாட் அந்த டிஸ்கிலேயே இருப்பது. டிஸ்க் போனால் அதுவும் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பேக்கப்பிலிருந்து ஒரு வி.எம்.மை எழுப்பி, டேலியைத் திறந்து, நேற்றைய கடைசி வவுச்சர் தெரிகிறதா என்று அக்கவுண்டன்ட் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நான் பார்த்துக்கொள்ளும் இடங்களில் இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறோம்.

இப்போது அந்தப் பொதுச் சொத்து விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் விர்ச்சுவலைசேஷன் செய்த பலர் வி.எம்.வேரைத்தான் வாங்கினார்கள். நல்ல பொருள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மூன்று மெஷின் வரை போட்டுக்கொள்ளும் சின்னத் தொகுப்பு ஒன்று இருந்தது. ஒருமுறை காசு கொடுத்தால் லைசன்ஸ் உங்களுடையது. 2023 நவம்பர் 22 அன்று பிராட்காம் என்ற நிறுவனம் வி.எம்.வேரை வாங்கி முடித்தது. டிசம்பரிலேயே நிரந்தர லைசன்ஸ் விற்பனையை நிறுத்தி, இனி சந்தா மட்டும்தான் என்றது. தனித்தனியாக விற்ற பொருள்கள் சில பெரிய தொகுப்புகளாகச் சுருங்கின. அந்தச் சின்னத் தொகுப்பு மறைந்தது. இலவச இ.எஸ்.எக்ஸ்.ஐ. 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் திரும்ப வந்தது. ஏ.டி. அண்ட் டி. போன்ற பெரிய அமெரிக்க நிறுவனமே பிராட்காம் மீது வழக்குப் போட்டுப் பிறகு சமரசத்துக்குப் போனது. ஒரு கம்பெனிக்குத் தான் வாங்கிய பொருளின் விலையை மாற்ற உரிமை உள்ளதுதான். ஆனால் 200 தறி ஓட்டும் முதலாளிக்கு வழக்குப் போடவோ பேரம் பேசவோ பலம் ஏது? அவர் சந்தாவைக் கட்டுகிறார், அல்லது 2025 அக்டோபரோடு சப்போர்ட் முடிந்த பழைய பதிப்பில் திருத்தம் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது வகைதான் எனக்குப் பெரிய கவலை. 2023-ல் நடந்தது என்ன என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

இரும்புக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கும் அந்த அடுக்கு யாருடையதோ, அவர் கையில்தான் உங்கள் கம்பெனியின் சாவி இருக்கிறது. அதனால்தான் நடுத்தர நிறுவனங்கள் கே.வி.எம். போன்ற திறந்த மூல ஹைப்பர்வைசருக்குப் போக வேண்டும் என்று வாதாடுகிறேன். வியன்னாவில் உருவான புராக்ஸ்மாக்ஸ் 2008 முதல் கே.வி.எம்.மை அடியில் வைத்து முழு வசதியும் தருகிறது. ஜென் என்ற இன்னொரு திறந்த மூல ஹைப்பர்வைசரின் வழியில் வந்த எக்ஸ்.சி.பி.-என்.ஜி.யும் இருக்கிறது. நான் சொன்ன நகர்த்தல், பிரதி, பேக்கப், ஓட்டு எல்லாம் இவற்றில் உண்டு. விலை இல்லை என்பதால் செலவே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கற்ற ஆள் வேண்டும், சப்போர்ட் சந்தா வேண்டுமானால் அதற்குக் காசு உண்டு, உள்ளே ஓடும் விண்டோஸுக்கு லைசன்ஸ் கட்டாயம் வேண்டும். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு ஒரு லைசன்ஸில் இரண்டு வி.எம்.தான் அனுமதிக்கிறது. மெஷினின் எல்லாக் கோர்களுக்கும் கட்ட வேண்டும். வி.எம். இடம் மாறப்போகும் இரண்டாவது மெஷினுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். கொட்டேஷனில் இந்த வரியை நேர்மையாகப் போடுகிறாரா என்பதை வைத்தே உங்கள் வியாபாரியை எடைபோடலாம்.

வெளிநாட்டில் படித்துத் திரும்பிய இளைய தலைமுறை முதலாளிகள் எல்லாவற்றையும் கிளவுடுக்குக் கொண்டுபோய்விடலாமே என்கிறார்கள். மெயிலையும் வெப்சைட்டையும் தாராளமாகக் கொண்டுபோகலாம். எடைமேடையையும் பஞ்சிங் மெஷினையும் லேப்பையும் ஆலைக்குள்ளேதான் வைக்க வேண்டும். குடிநீர்க் குழாய்க்கு ரோட்டைத் தோண்டும் பொக்லைன் மாதம் ஒருமுறையாவது ஃபைபரை வெட்டுகிறது. அந்த நேரத்தில் கேட்டில் லாரி நிற்கக் கூடாது. கிளவுடும் அடியில் இதே விர்ச்சுவலைசேஷன்தான் என்பதால், இன்று வி.எம். ஆக்கி வைத்தவருக்கு நாளை அங்கே போவதும் திரும்பி வருவதும் எளிது.

ஆள் விஷயத்தில் நமக்குப் பொறுப்பு இருக்கிறது. ஆலையின் சிஸ்டம் அட்மின் என்றால் பிரிண்டரில் காகிதம் சிக்கினால் எடுப்பவர் என்றே பல இடங்களில் நினைக்கிறார்கள். சம்பளமும் அந்த நினைப்புக்கு ஏற்பத்தான். ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கொடுக்கும் மதிப்பை, கம்பெனியின் மொத்தக் கணக்கையும் காப்பவருக்கு ஏன் கொடுப்பதில்லை? பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் பழைய மெஷின்கள் மூன்றை வைத்துக்கொண்டே இந்தப் பயிற்சியைக் கொடுத்துவிடலாம். மென்பொருளுக்குக் காசு இல்லை. ஒரு செமஸ்டர் போதும். டிஸ்கைப் பிடுங்கி, கேபிளை அறுத்து, பேக்கப்பிலிருந்து எழுப்பத் தெரிந்த பிள்ளைகள் வெளியே வந்தால், இந்த வட்டாரத்திலேயே அவர்களுக்கு வேலை இருக்கிறது.

அரசிடமும் தொழில்முனைவோர் சங்கங்களிடமும் ஒரு யோசனை வைக்கிறேன். சிறுதொழில் குழுமங்களுக்கான மத்திய அரசின் எம்.எஸ்.இ.-சி.டி.பி. திட்டத்தில் பொது வசதி மையங்களுக்கு நிதி கிடைக்கிறது. டூல் ரூம், சோதனைக்கூடம் ஆகியவற்றை அப்படித்தான் அமைக்கிறார்கள். அதே வழியில் ஒரு பொதுப் பேக்கப் அறையை ஏன் அமைக்கக் கூடாது? கோவையின் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் இருக்கும் யூனிட்டுகளின் காப்பி திருப்பூரிலும், திருப்பூரின் காப்பி குறிச்சியிலும் இருக்கட்டும். காப்பியைப் பூட்டி அனுப்பி, சாவியை அந்தந்த யூனிட்டே வைத்துக்கொண்டால் பக்கத்து யூனிட்காரர் பார்த்துவிடுவார் என்ற பயத்துக்கு இடமில்லை. முதல் முறை காப்பியை டிஸ்கில் எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டால், பிறகு ஒவ்வோர் இரவும் மாறிய பகுதி மட்டும் போகும். நடுத்தர ஆலைக்குச் சாதாரண ஃபைபர் இணைப்பே அதற்குப் போதுமானது. மாதச் செலவை யூனிட்டுகள் தங்கள் அளவுக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளலாம். இதைச் சங்கக் கூட்டத்தில் எடுத்துப் பேச யாராவது முன்வந்தால், எத்தனை டிஸ்க், எவ்வளவு மின்சாரம், எத்தனை ஆள் என்ற கணக்கை எழுதிக் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன்.